பாரியோஸ் ஆல்டோஸ் தீர்ப்பும் ‘பயனற்ற நீதிமன்றம்’ என்னும் வாதமும்

பன்னாட்டு மனித உரிமை நீதிமன்றங்களைப் பற்றிப் படித்தவர்கள் நடுவிலும் அரசியல் களத்திலும் ஒரு கருத்து, மெய்ப்பிக்கத் தேவையில்லாத உண்மையைப் போல நிலைபெற்றிருக்கிறது. அந்த நீதிமன்றங்களுக்குச் சொந்தமாகக் காவல்துறை கிடையாது, சிறை கிடையாது, தீர்ப்பை மீறும் அரசின் கருவூலத்தை முடக்கும் அதிகாரமும் கிடையாது; எனவே அவற்றின் தீர்ப்புகள் ஏட்டுச் சுரைக்காய்தான்; பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் காலத்தையும் பணத்தையும் நம்பிக்கையையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுவது வீண் என்பது அக்கருத்தின் சாரம். இதைச் சொல்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். தங்கள் படையினரின் செயல்களுக்குப் பதில் சொல்ல விரும்பாத ஆட்சியாளர்களும் அவர்களுக்கு ஆதரவான எழுத்தாளர்களும் ஒருபுறம் இதைச் சொல்கின்றனர்; வாசல் வாசலாக ஏறி இறங்கி, எங்கும் விடை கிடைக்காமல் சலித்துப்போனவர்கள் மறுபுறம் இதையே சொல்கின்றனர். முன்னவர்களின் நோக்கம் வெளிப்படையானது. பின்னவர்களின் சலிப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் இரு தரப்பினரும் வந்து சேரும் முடிவு தவறானது. அத்தவறுக்கு விலை கொடுப்பவர்கள், வழக்குத் தொடுத்திருந்தால் ஏதேனும் பெற்றிருக்கக்கூடியவர்களே.

இந்தக் கருத்தின் முதற்பிழை, வெவ்வேறு மன்றங்களை ஒன்றாகக் குழப்புவதில் தொடங்குகிறது. ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றம் அரசுக்கும் அரசுக்கும் இடையிலான பிணக்குகளை விசாரிப்பது. அதே நகரில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் தண்டிப்பது. மனித உரிமை நீதிமன்றம் என்பது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வகை. ஓர் அரசு தானே கையெழுத்திட்டு ஏற்ற மனித உரிமை உடன்படிக்கையை மீறியதா, மீறியிருந்தால் அதன் ஆளுகைக்கு உட்பட்ட மனிதருக்கு அது என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளது என்பதைத் தீர்மானிப்பதே அதன் பணி. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1959 முதல் இயங்கும் ஐரோப்பிய நீதிமன்றமும், கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகரில் 1979 முதல் இயங்கும் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றமும், தான்சானியாவின் அருஷா நகரில் உள்ள ஆப்பிரிக்க நீதிமன்றமும் இவ்வகையைச் சேர்ந்தவை. உள்நாட்டில் கிடைக்கக்கூடிய சட்டவழிகளை எல்லாம் முயன்று பார்த்த பிறகே இவற்றை அணுக முடியும் என்பது பொதுவிதி. அவ்வழிகள் அடைக்கப்பட்டுவிட்டன என்று காட்ட முடிந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஆக, இந்த நீதிமன்றம் யாரையும் சிறையிலடைக்க அமைக்கப்பட்டதே அன்று. சிறையிலடைக்கவில்லை என்று அதன்மேல் குறை சொல்வது, அதற்கு ஒருபோதும் தரப்படாத வேலையைக் கொண்டு அதை அளப்பதாகும். கேட்கவேண்டிய கேள்வி வேறு: சிறையிலடைக்க வேண்டிய உள்நாட்டு நீதிமன்றம் தன் கடமையைச் செய்ய முடியாதபடி தடுக்கப்பட்டபோது, அத்தடையை இந்த மன்றத்தால் நீக்க முடிந்ததா? இதற்கு விடை சொல்லப் பெரு நாட்டைவிடப் பொருத்தமான களம் இல்லை.

1991 நவம்பர் 3 அன்று இரவு, பெருவின் தலைநகரான லீமாவில், பாரியோஸ் ஆல்டோஸ் என்னும் பழைய ஏழைக் குடியிருப்புப் பகுதியின் உவாந்தா தெருவில் ஒரு விருந்து நடந்துகொண்டிருந்தது. கோழிக்கறி சமைத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்று, அந்தப் பணத்தில் இடிந்துகொண்டிருந்த கட்டடத்தைப் பழுதுபார்ப்பதற்கான விருந்து அது. முகமூடி அணிந்த ஆயுததாரிகள் இரண்டு வண்டிகளில் வந்து இறங்கி, அங்கிருந்தவர்களைத் தரையில் படுக்கச் சொல்லிவிட்டுச் சுட்டனர். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உட்படப் பதினைந்து பேர் இறந்தனர், நால்வர் படுகாயமுற்றனர், அவர்களில் ஒருவர் நிரந்தரமாக முடங்கிப்போனார். அந்த இடத்திலிருந்து காவல்துறையினர் பொறுக்கியெடுத்த வெற்றுத் தோட்டாக்கள் மட்டும் 111. சுட்டவர்கள் படைத்துறைப் புலனாய்வைச் சேர்ந்த ‘கொலினா குழு’ என்னும் மறைமுகக் கொலைப்படையினர் என்பது பிற்பாடு வெளியாயிற்று. எட்டு மாதங்கள் கழித்து, 1992 ஜூலையில், லா காண்டுட்டா என்று வழங்கப்படும் ஆசிரியப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஒன்பது மாணவர்களையும் ஒரு பேராசிரியரையும் இதே குழு இரவோடிரவாகத் தூக்கிச் சென்றது. அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகைக்குக் கிடைத்த வரைபடத்தைக் கொண்டு, லீமாவுக்கு வெளியே சியெனெகில்லா என்னும் இடத்தில் தோண்டியபோது கருகிய எலும்புகளும் அவற்றோடு சில சாவிகளும் கிடைத்தன. அந்தச் சாவிகளை அரசு வழக்குரைஞர் எடுத்துச் சென்று காணாமற்போன மாணவர்களின் பூட்டுகளில் பொருத்திப் பார்த்தார், பூட்டுகள் திறந்தன. அந்நாள்வரை, மாணவர்கள் தாமாகவே எங்கோ போயிருக்கக்கூடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களால் அதற்குமேல் அதைச் சொல்ல முடியவில்லை.

அக்காலத்துப் பெருவில் ‘ஒளிரும் பாதை’ என்னும் ஆயுத இயக்கம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 1980 முதல் 2000 வரையிலான சாவுகளில் பெரும்பங்கு அந்த இயக்கத்தினுடையது என்றே பெருவின் உண்மை ஆணையம் 2003இல் அறிக்கையிட்டது. ஆனால் கோழிக்கறி விருந்துக்கு வந்தவர்களைச் சுட்டதற்கு அது நியாயமாகாது என்பதை உணர்ந்த நீதிபதிகள் பெருவிலும் இருந்தனர். 1995 ஏப்ரலில் பாரியோஸ் ஆல்டோஸ் வழக்கைக் கையிலெடுத்த லீமா நீதிபதி அந்தோனியா சாக்கிக்குராய், படை அதிகாரிகளைச் சாட்சியம் அளிக்க அழைத்தார். அவர்கள் வரக்கூடாது என்று படைத்துறையின் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போதும் விசாரணை நிற்கவில்லை என்று கண்டதும், 1995 ஜூன் 14 அன்று விடியற்பொழுதில், முன்னறிவிப்போ பொதுவிவாதமோ இல்லாமல் நாடாளுமன்றம் ஒரு பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுமன்னிப்புச் சட்டம் என்பது, குறித்த காலத்தில் குறித்த வகையினர் செய்த குற்றங்களுக்கு விசாரணையும் தண்டனையும் இல்லை என்று அறிவிப்பது. 1980 மே மாதம் தொடங்கி அந்நாள்வரை நடந்த மனித உரிமைக் குற்றங்களுக்காகப் படையினரோ காவலரோ குடிமக்களோ யாரும் தண்டிக்கப்படலாகாது என்றது அச்சட்டம். லா காண்டுட்டா கொலைகளுக்காகப் படைத்துறை நீதிமன்றம் ஏற்கெனவே தண்டித்திருந்த சிலரும் அதன்கீழ் விடுதலையாயினர்.

இங்கே நிகழ்ந்த அடுத்த இரண்டு செயல்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சட்டம் வந்த இரண்டாம் நாளே சாக்கிக்குராய், அது நாட்டின் அரசியலமைப்புக்கும், சான் ஹோசே நீதிமன்றத்துக்கு அடிப்படையான அமெரிக்க மனித உரிமை உடன்படிக்கைக்கும் முரணானது என்றும், ஆகவே தம் முன்னுள்ள வழக்குக்குப் பொருந்தாது என்றும் தீர்ப்பெழுதினார். ஆட்சியாளர்களின் விடை ஜூன் 28 அன்று வந்தது: பொதுமன்னிப்பை எந்த நீதிபதியும் ஆய்வுக்கு உட்படுத்தலாகாது என்று இரண்டாவது சட்டம் இயற்றப்பட்டது. ஜூலை 14 அன்று லீமாவின் மேல்நிலை நீதிமன்றம் வழக்கை மூடியதோடு நில்லாமல், சாக்கிக்குராயின் நடத்தையை விசாரிக்கவும் ஆணையிட்டது. உள்நாட்டில் அஞ்சாத நீதிபதியும் இருந்தார், சான்றும் இருந்தது, குடும்பங்களும் விடாமல் நின்றன. இத்தனையும் இருந்தும் வழக்கு செத்தது. உள்நாட்டுப் போராட்டமே போதும், வெளியில் போவது வீண் என்று சொல்பவர்கள் இந்த ஜூலை 14க்கு விடை சொல்லியாக வேண்டும்.

அதற்கு இரு வாரம் முன்னரே, 1995 ஜூன் 30 அன்று, பெருவின் மனித உரிமை அமைப்புகளின் கூட்டமைப்பு, வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையத்தில் முறையீட்டைப் பதிவு செய்துவிட்டது. அந்த அமைப்பு முறையில் தனிமனிதர் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஆணையம் ஆராய்ந்து அனுப்பினால்தான் வழக்கு நீதிமன்றத்தை அடையும். ஆணையம் இதற்கு ஏறத்தாழ ஐந்தாண்டு எடுத்துக்கொண்டது. இது மன்னிக்கத்தக்க தாமதம் அன்று. பன்னாட்டு நீதிமுறையைக் குறைசொல்பவர்களின் வாதங்களில் மறுக்க முடியாதது இது ஒன்றே. ஆனால் 2000 ஜூனில் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு ஒன்பது மாதங்களில், 2001 மார்ச் 14 அன்று, தீர்ப்பு வந்தது. மனித உரிமைகளைக் கொடுமையாக மீறியவர்களை விசாரணையிலிருந்தும் தண்டனையிலிருந்தும் காப்பதற்கென இயற்றப்பட்ட பொதுமன்னிப்புச் சட்டங்கள் உடன்படிக்கைக்கு முரணானவை, ஆகவே அவற்றுக்குச் சட்ட விளைவே இல்லை என்றது அத்தீர்ப்பு. சட்டத்தைத் திருத்துமாறு அரசுக்கு அறிவுரை கூறுவதோடு அது நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றம் கூடி நீக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, தொடக்கத்திலிருந்தே அவை செல்லாதவை என்பது அதன் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில், இம்முடிவு பாரியோஸ் ஆல்டோசுக்கு மட்டுமன்றி அச்சட்டங்கள் தொட்ட எல்லா வழக்குகளுக்கும் பொதுவானது என்று நீதிமன்றம் விளக்கமும் அளித்தது. ஆறாண்டு மூடிக் கிடந்த வழக்கு பெருவின் நீதிமன்றத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பினர் எழுப்பும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெருவின் சர்வாதிகாரியாகவே ஆண்ட அல்பெர்த்தோ ஃபுஜிமோரியை வீழ்த்தியது சான் ஹோசே நீதிமன்றம் அன்று. அவருடைய புலனாய்வுத் தலைவர் விளாதிமிரோ மோந்தெசினோஸ் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பணக்கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் ஒளிப்பதிவு 2000 செப்டம்பரில் வெளியானதுதான் காரணம். நவம்பரில் ஃபுஜிமோரி ஜப்பானுக்கு ஓடிப்போய் அங்கிருந்தே பதவி விலகல் கடிதம் அனுப்பினார். அடுத்து வந்த வலென்டின் பனியாகுவாவின் இடைக்கால அரசு, நீதிமன்றத்தில் தன் பொறுப்பைத் தானே ஒப்புக்கொண்டது. ஆட்சி மாறியதால் கிடைத்ததை நீதிமன்றத்தின் கணக்கில் எழுதலாமா என்பது அந்த மறுப்பு. இதில் சொல்லப்படும் நிகழ்வுகள் அனைத்தும் உண்மை. அவற்றிலிருந்து பெறப்படும் முடிவுதான் பொருந்தவில்லை. ஆட்சி மாறினால் பொதுமன்னிப்பு தானாக விழும் என்பதற்கு லத்தீன் அமெரிக்க வரலாற்றில் சான்றில்லை. பிரேசிலில் படையாட்சி 1985இல் முடிந்தது. அது 1979இல் இயற்றிய பொதுமன்னிப்புச் சட்டத்தை 2010இல்கூட அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே உறுதிசெய்தது. சிலியில் படையாட்சித் தலைவர் பினோசெ 1990இல் ஆட்சியை ஒப்படைத்தார். 1978ஆம் ஆண்டின் மன்னிப்பு ஆணை ஏட்டில் அப்படியே இருந்தது. தேர்தல் ஆட்சியாளரை மாற்றும். பழைய ஆட்சியாளர் தமக்கென எழுதிவைத்த காப்பை அது தொடுவதில்லை, ஏனெனில் புதியவர்களுக்குப் படைத்துறையின்மீது அச்சமும் பழைய கணக்குகளைக் கிளற விருப்பமின்மையும் எப்போதும் இருக்கும். பெருவில் அந்தக் காப்பு அகன்றதற்குக் காரணம், ஆட்சி மாறிய அத்தருணத்தில் நீதிமன்றத்தின்முன் ஒரு வழக்கு ஆயத்தமாக இருந்தது என்பதே. 1995இல், ஃபுஜிமோரி 64 விழுக்காடு வாக்குகளோடு மறுபடி வென்றிருந்த ஆண்டில், ‘இதனால் என்ன ஆகப்போகிறது’ என்று எண்ணி அந்த முறையீட்டைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், 2001இல் தீர்ப்பதற்கு எதுவுமே இருந்திராது.

நீதிமன்றம் பயனற்றது என்பதை ஃபுஜிமோரியே நம்பவில்லை என்பதற்கும் ஆவணச் சான்று உள்ளது. முகம் மறைத்த படைத்துறை நீதிபதிகள் ஆயுள்தண்டனை விதித்த நான்கு சிலி நாட்டவருக்கு முறையான மறுவிசாரணை வேண்டும் என்று 1999 மே மாதத்தில் சான் ஹோசே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலையில் பெரு அரசு, நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்து உடனடியாக விலகுவதாக அறிவித்தது. உடன்படிக்கையில் இருந்துகொண்டே நீதிமன்றத்தை மட்டும் உதற முடியாது. விலக வேண்டுமானால் ஓராண்டு முன்னறிவிப்போடு உடன்படிக்கை முழுவதையுமே துறக்க வேண்டும் என்று செப்டம்பரில் நீதிமன்றம் அந்த விலகலை நிராகரித்தது. நாடாளுமன்றத்தையும் படையையும் தொலைக்காட்சிகளையும் கைக்குள் வைத்திருந்த ஓர் ஆட்சி, கோஸ்டாரிகாவில் உட்கார்ந்திருக்கும் ஏழு நீதிபதிகளின் எழுத்திலிருந்து தப்ப இவ்வளவு பாடுபட்டது ஏன்? பயனற்ற ஒன்றைப் புறக்கணித்தாலே போதும். அதிலிருந்து விலக அவசர அறிவிப்பு விடவேண்டிய தேவை இல்லை. இந்த எளிய உண்மையைப் ‘பயனற்ற நீதிமன்றம்’ என்னும் வாதம் எங்கும் எதிர்கொள்வதில்லை.

இறையாண்மை மீறப்படுகிறது என்னும் கூற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பெரு 1978இல் உடன்படிக்கையை ஏற்றது. 1981இல் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றது. உள்நாட்டு வழிகள் முடிந்தபின் பன்னாட்டு மன்றங்களை நாடும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று பெருவின் அரசியலமைப்பின் 205ஆம் பிரிவு கூறுகிறது. அந்த அரசியலமைப்பு 1993இல் ஃபுஜிமோரியின் ஆட்சியிலேயே எழுதப்பட்டது. தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி கேட்பது ஒரு நாட்டின் இறையாண்மைக்கு இழுக்கு என்றால், எந்த ஒப்பந்தமும் இறையாண்மைக்கு இழுக்கே.

பாரியோஸ் ஆல்டோஸ் தீர்ப்பின் பயன் மீண்டும் திறக்கப்பட்ட வழக்கோடு முடியவில்லை. 2005 நவம்பரில் ஃபுஜிமோரி, மீண்டும் பெரு அரசியலில் நுழையும் எண்ணத்தோடு சிலிக்கு வந்து இறங்கிக் கைதானார். 2007 செப்டம்பரில் சிலியின் உச்ச நீதிமன்றம் அவரைப் பெருவிடம் ஒப்படைக்க இசைந்தது. டிசம்பரில் லீமாவில் விசாரணை தொடங்கியது. சேசர் சான் மார்ட்டின் தலைமையிலான மூன்று நீதிபதிகள் 2009 ஏப்ரல் 7 அன்று அவருக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தனர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்த ஒரு தலைவரை வேற்று நாட்டிலிருந்து கொண்டுவந்து, அவருடைய சொந்த நாட்டு நீதிமன்றமே மனித உரிமைக் குற்றங்களுக்காக விசாரித்துத் தண்டித்த முதல் நிகழ்வு இது. 2010 அக்டோபரில் மோந்தெசினோசும் கொலினா குழுவினரும் தண்டனை பெற்றனர். பொதுமன்னிப்புச் சட்டங்கள் உயிரோடு இருந்திருந்தால், சுட்டவர்களின்மீதே வழக்கு நின்றிருக்காது. சுடச் சொன்ன அமைப்பின் தலைமைப் பீடம்வரை அது ஏறியிருக்கவே முடியாது.

ஃபுஜிமோரிக்கு எதிரான அந்த 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தண்டனைக் காலத்தைவிட முதன்மையான ஒரு பகுதி உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக, இறந்தவர்களும் காயமுற்றவர்களும் பயங்கரவாதிகள் என்ற பேச்சு அவர்களுடைய வீட்டாரைத் துரத்திக்கொண்டிருந்தது. பிள்ளையை இழந்த தாய், பிள்ளை எப்படிப்பட்டவன் என்பதையும் ஊராருக்கு விளக்க வேண்டியிருந்தது. பாரியோஸ் ஆல்டோசிலும் லா காண்டுட்டாவிலும் கொல்லப்பட்ட 25 பேரும் காயமுற்ற நால்வரும் ஒளிரும் பாதை இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் அல்லர் என்று தீர்ப்பு வெளிப்படையாக அறிவித்தது. பன்னாட்டு நீதிமன்றம் தருவது பணம்தான், அது கொலைக்கு விலை பேசுவது என்று எள்ளுபவர்கள் இந்த அறிவிப்பை நினைத்துப் பார்ப்பதில்லை. பாரியோஸ் ஆல்டோஸ் வழக்கில் இழப்பீடு வழங்கப்பட்டது உண்மையே. இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உயிர்தப்பியவர்களுக்கும் பொதுவாகத் தலா 1,75,000 டாலர் என்று 2001 நவம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. உழைத்துச் சோறு போட்டவரை இழந்த ஏழைக் குடும்பத்துக்கு அது இழிவான ஒன்றன்று. அதைக் கொச்சைப்படுத்துவோர் பெரும்பாலும் அத்தகைய தேவையை அறியாதவர்கள். அதோடு மருத்துவமும் பிள்ளைகளின் கல்வியும் நினைவுச்சின்னமும் தீர்ப்பை மக்கள் அறிய வெளியிடுதலும் சேர்ந்ததே அங்கே ‘ஈடுசெய்தல்’ எனப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றவாளிகளை விசாரிக்கும் கடமையைப் பணம் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது என்பதே அந்த நீதிமன்றம் தொடக்கத்திலிருந்து கூறிவரும் நிலைப்பாடு.

அந்த நிலைப்பாட்டின் வேர், 1988 ஜூலை 29 அன்று ஹொண்டுராஸ் நாட்டுக்கு எதிராக வந்த வெலாஸ்கெஸ் ரொட்ரிகெஸ் தீர்ப்பில் உள்ளது. 1981இல் தலைநகர் தெகுசிகல்பாவில் பிடித்துச் செல்லப்பட்ட ஒரு மாணவர் திரும்பவே இல்லை. அரசோ அவரைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றது. வலிந்து காணாமல் ஆக்குதல் என்னும் குற்றத்தின் இயல்பே சான்றை அழிப்பதுதான். உடல் இல்லை, பதிவேடு இல்லை, கைதுசெய்தவரின் பெயர் இல்லை. அவ்வாறிருக்க, சான்று கொண்டுவரும் சுமை முழுவதையும் தாயின் தலையில் ஏற்றுவது அநீதி என்பதை அந்நீதிமன்றம் உணர்ந்தது. அந்நாளில் அவ்வாறு ஆள்களைக் காணாமல் ஆக்கும் வழக்கம் அரசிடம் இருந்தது என்பதையும், இந்நிகழ்வு அவ்வழக்கத்தோடு பொருந்துகிறது என்பதையும் சாட்சிகளால் காட்டினால் போதும் என்றது. செய்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும், தடுக்கவும் விசாரிக்கவும் தண்டிக்கவும் ஈடுசெய்யவும் தவறியதற்கு அரசு பொறுப்பாகும் என்றது. இந்த வழக்கில் சாட்சியம் சொன்ன ஒருவரும், சாட்சி சொல்ல அழைக்கப்பட்டிருந்த இன்னொருவரும் 1988 ஜனவரியில் பத்து நாள் இடைவெளிக்குள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த மாணவரைக் கொண்டுபோனவர்கள் இத்தீர்ப்பால் தண்டனை அடையவில்லை. எனினும், இன்று உலகின் எந்தப் பகுதியிலும் காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைக் கேட்டு நிற்கும் தாயின் சார்பில் வழக்குரைஞர் எடுத்துவைக்கும் வாதத்தின் அடித்தளம், அந்தச் சாட்சிகள் உயிரைக் கொடுத்துப் பெற்றுத்தந்த அத்தீர்ப்பே. 2005 ஜூன் மாதத்தில் அர்ஜென்டினாவின் உச்ச நீதிமன்றம் படையாட்சிக் காலக் குற்றவாளிகளைக் காத்துவந்த இரு சட்டங்களைச் செல்லாதவை என்றபோது, தனக்குரிய காரணத்தைப் பாரியோஸ் ஆல்டோஸ் தீர்ப்பிலிருந்தே எடுத்தது. ஒரு தீர்ப்பின் பயனை அது பிறந்த வழக்கின் எல்லைக்குள் மட்டும் தேடுவோருக்கு இவை கண்ணில் படுவதில்லை.

தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்த ஓர் எதிர்ச்சான்றையும் இங்கே பார்க்க வேண்டும். இலங்கையின் சிங்கராசா வழக்கில், தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர், சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தார் என்பதையே சான்றாகக் கொண்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 1995இல் 50 ஆண்டுத் தண்டனை பெற்றார். அது பின்னர் 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அந்த விசாரணை நேர்மையானதன்று என்று கண்டது. அதை உள்நாட்டில் செயற்படுத்துமாறு கேட்டபோது, அக்குழுவிடம் முறையிட வழிசெய்த 1997ஆம் ஆண்டின் இசைவே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006 செப்டம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பன்னாட்டு மன்றங்களால் பயனில்லை என்பதற்கு இதைக் காட்டுவது வழக்கம். ஆனால் மனித உரிமைக் குழு நீதிமன்றமன்று. அது வழங்குவது தீர்ப்பு எனப்படாமல் ‘கருத்துரை’ என்றே பெயர் பெறுகிறது. ஆசியாவில் ஐரோப்பாவுக்கோ அமெரிக்கக் கண்டங்களுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ உள்ளதைப் போன்ற மனித உரிமை நீதிமன்றம் இல்லை. இந்தியா இக்குழுவிடம் தனிமனிதர் முறையிடுவதைக்கூட ஏற்கவில்லை. நீதிமன்றம் இல்லாத இடத்தில் நேர்ந்த தோல்வி, நீதிமன்றத்தால் பயனில்லை என்பதற்குச் சான்றாகாது. அப்படி ஒன்று தேவை என்பதற்கே சான்றாகும்.

எஞ்சி நிற்பது கீழ்ப்படியாமை. இதை மழுப்பாமல் சொல்லியாக வேண்டும். 2017 டிசம்பர் 24 அன்று பெருவின் அன்றைய அதிபர் குசின்ஸ்கி ஃபுஜிமோரிக்கு மன்னிப்பு வழங்கினார். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் மீண்டும் சான் ஹோசேக்குப் போயினர். அம்மன்னிப்பைப் பெருவின் நீதிமன்றங்கள் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று 2018 மே மாதத்தில் நீதிமன்றம் கூறியது. அக்டோபரில் பெருவின் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அதை நீக்கினார். 2019 ஜனவரியில் ஃபுஜிமோரி சிறைக்குத் திரும்பினார். இதுவரை நடந்தது நீதிமன்றத்தின் வெற்றி. 2023 டிசம்பரில் பெருவின் அரசியலமைப்புத் தீர்ப்பாயம் அவரை விடுவிக்கச் சொன்னது. விடுவிக்க வேண்டாம் என்ற சான் ஹோசேயின் சொல்லை மீறி அரசு கதவைத் திறந்துவிட்டது. 2024 செப்டம்பர் 11 அன்று அவர் தம் வீட்டாரோடு இருந்து இறந்தார். 2024இல், 2002க்கு முந்தைய மனிதகுல விரோதக் குற்றங்களுக்குக் காலவரம்பு விதிக்கும் சட்டமும், 2025 ஆகஸ்டில் அதிபர் தினா போலுவார்த்தே கையெழுத்திட்ட புதிய பொதுமன்னிப்புச் சட்டமும் வந்தன. பின்னதை நிறுத்திவைக்குமாறு நீதிமன்றம் முன்கூட்டியே கேட்டிருந்தும் அது நிறைவேறியது. இவை தோல்விகளே. ஆனால் எதன் தோல்வி என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஃபுஜிமோரி சிறையிலும் காவலிலும் கழித்த ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளை எந்த மன்னிப்பும் திரும்ப அழிக்க முடியாது; குற்றவாளி என்ற தீர்ப்பையும் அது நீக்கவில்லை. ஆட்சியாளர்கள் கொலையாளிகளைக் காக்க வேண்டுமானால் மறைவில் செய்ய வழியில்லாமல், சட்டமாக எழுதி, நீதிமன்றத்தின் ஆணையை மீறுகிறோம் என்பதை உலகறியச் சொல்லித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அதைவிட முக்கியமானது, அச்சட்டங்கள் இன்று சந்திக்கும் எதிர்ப்பின் தன்மை. புதிய சட்டங்களைத் தம் முன்னுள்ள வழக்குகளுக்குப் பொருத்த மறுத்த நீதிபதிகள் பெருவில் இருக்கின்றனர். 1995இல் சாக்கிக்குராய் மறுத்தபோது, பொதுமன்னிப்பு உடன்படிக்கைக்கு முரண் என்பது ஒரு கீழ்நிலை நீதிபதி தாமே செய்த பொருள்கோளாக மட்டுமே இருந்தது. அதனால்தான் மேல்நிலை நீதிமன்றம் அதை ஒதுக்கித் தள்ளி, அவர்மீதே விசாரணைக்கு ஆணையிட முடிந்தது. இன்று மறுக்கும் நீதிபதி, பெரு அரசு தரப்பினராக நின்று தன் பொறுப்பை ஒப்புக்கொண்ட, அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும் 2001 மார்ச் 14ஆம் நாள் தீர்ப்பை எடுத்து மேசைமேல் வைத்து, தம் ஆணையை எழுதுகிறார்.